கடல்லேர்ந்து கடல் வரைக்கும் ஒரு ரோடு

ஒரு ஊர்ல ஒரு மாமியாரும் மருமகளும் இருந்தாங்க. எந்த ஊர்னு கேப்பே. அமெரிக்காவுல, மேற்குக் கடலுக்குக் கொஞ்சம் உள்ள, சாக்ரமென்டோன்னு ஒரு ஊரு. மாமியார் பேரு லவினியா, எழுபது வயசு. மருமக எட்னாவுக்கு இருபத்தாறு. ஒரே வீட்டுல நாலு வருஷமா இருக்காங்க. ஆனா "உப்பு எங்க?", "அங்க இருக்கு", அதுக்கு மேல பேச்சு கிடையாது. சண்டையும் இல்ல. அந்த அம்மாகிட்ட என்ன பேசறதுன்னு எட்னாவுக்குத் தெரியல, அவ்வளவுதான். கேக்கறியா? ம் கொட்டு.

ம்.

அப்போ அந்த நாட்டுல ஊரைத் தாண்டினா நல்ல ரோடே கிடையாது. வண்டித் தடம்தான், மழை பேஞ்சா அதுவும் சேறு. தூரம் போகணும்னா ரயிலு. அப்புறம் கார் வந்துச்சு. கார் வந்ததும் நாலு பேரு கூடி, "இந்தக் கடல்லேர்ந்து அந்தக் கடல் வரைக்கும் ஒரே ரோடு வேணும்"னாங்க. நியூயார்க்குல ஆரம்பிச்சு சான் பிரான்சிஸ்கோவுல முடியணும். நம்ம கன்னியாகுமரியிலேர்ந்து காஷ்மீர் போயி, திரும்பி பாதி தூரம் வந்தா எவ்வளவோ, கிட்டத்தட்ட அவ்வளவு நீளம். லிங்கன்னு அவங்களோட பழைய ஜனாதிபதி பேரை அதுக்கு வெச்சாங்க. பேரு வெச்சாச்சு, ரோடு எங்க? பாதிக்கு மேல பழைய தடமேதான். வழியில இருக்கற கம்பத்துல எல்லாம் செவப்பு, வெள்ளை, நீலம்னு மூணு பட்டை அடிச்சு, இதைப் பார்த்துக்கிட்டே போங்கன்னு விட்டுட்டாங்க.

பேரு வெச்ச மூணாவது வருஷம், பேப்பர்ல அந்த ரோட்டோட வரைபடம் வந்துச்சு. சாப்பிடறப்போ லவினியாம்மா அதை மேஜை மேல விரிச்சு, நட்ட நடுவுல ஓடற பிளாட்ங்கற ஆத்து மேல விரலை வெச்சாங்க.

"நான் இங்க போகணும்."

அவங்க புள்ளை ஹோரஸ், "ரயில்ல போலாமேம்மா"ன்னான்.

"ரயில் அங்க நிக்காது."

"அங்க யாரு இருக்கா?"

"என் தங்கச்சி ரூத்."

தன் அம்மாவுக்கு ஒரு தங்கச்சி இருந்ததே ஹோரஸுக்கு அன்னிக்குத்தான் தெரியும். லவினியாம்மாவுக்கு ஏழு வயசா இருக்கறப்போ, அவங்க குடும்பம் ஓஹையோவுலேர்ந்து மாட்டு வண்டி கட்டிக்கிட்டு மேற்கே வந்துச்சு. முப்பது வண்டி, வரிசையா. கூட நாலு வயசு ரூத். பிளாட் ஆத்தோரத்துல ரூத்துக்குக் காலரா கண்டுச்சு. காலையில விளையாடின புள்ளை, சாயங்காலம் இல்ல. புதைச்சுட்டு மறுநாள் வண்டியைக் கட்டிட்டாங்க. திரும்பி வந்து ஒரு கல்லு வெக்கறேன்னு அப்பா சொன்னாரு. யாரும் போகல.

 ஹோரஸால வேலையை விட்டு வர முடியாது. அப்போ எட்னா, "நான் ஓட்டறேன்"னா. லவினியாம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாங்க. "சரி"ன்னாங்க.

அப்புறம் கிளம்பினாங்க. எட்னா முன்னாடி, மாமியார் பின் சீட்டுல. டுர்ர்ர்... டுர்ர்ர்...

முதல்ல மலை வந்துச்சு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். ஏத்தத்துல பெட்ரோல் என்ஜினுக்கு ஏறாம வண்டி புஸ்ஸுனு நின்னு போச்சு. எட்னா என்ன பண்ணினா, என்ஜின் கீழ இருந்தா பெட்ரோல் தானா இறங்கும்னு வண்டியைத் திருப்பி, ரிவர்ஸ்லயே மலையை ஏறினா. லவினியாம்மா வந்த வழியையும் பள்ளத்தையும் பார்த்துக்கிட்டே மேல போனாங்க. உச்சிக்கு வந்ததும், "வீடு ரொம்ப நேரம் தெரிஞ்சுது"ன்னாங்க. எட்னாவுக்குச் சிரிப்பு வந்துடுச்சு.

ரெண்டாவது, உப்புப் பாலைவனம். எங்க பார்த்தாலும் வெள்ளை வெளேர்னு. மேல காஞ்சிருக்கும், கீழ களி. சக்கரம் சதக்குனு இறங்கிடுச்சு. எட்னா தோண்டினா, தள்ளினா, நகரல. லவினியாம்மா தன் பெட்டியைத் திறந்து, கல்யாணத்துக்கு அவங்க அம்மா தைச்சுக் குடுத்த மெத்தை விரிப்பை எடுத்து நீட்டினாங்க. "சக்கரத்துக்கு அடியில போடு."

"இதையா?"

"நான் அங்க போய்ச் சேரணும், எட்னா."

போட்டா. சர்ர்ருனு கிழிஞ்சுது, வண்டி ஏறிடுச்சு. அன்னிக்கு முழுக்க எட்னாதான் பேசிக்கிட்டே வந்தா, அவ ஊரு, அவ அம்மா, எல்லாம்.

மூணாவது, வயோமிங்னு ஒரு மாநிலம். மழை பேஞ்சு பாலம் போயிடுச்சு. ஓடையில சலசலன்னு செம்மண் தண்ணி. ஆழம் தெரியல. "அம்மா, திரும்பிடலாம்"னு எட்னா சொன்னா. சொல்லி முடிக்கல, லவினியாம்மா ஒரு கம்பை எடுத்துக்கிட்டுத் தண்ணியில இறங்கிட்டாங்க. டக், டக்னு குத்திப் பார்த்து நடந்தாங்க. "எங்கப்பா இப்படித்தான் மாட்டுக்கு முன்னால நடப்பாரு. என் பாவாடையைப் பார்த்து ஓட்டு." இடுப்பளவு தண்ணியில அந்தக் கறுப்புப் பாவாடை மிதக்குது, அது போற வழியிலயே எட்னா ஓட்டினா. கரை ஏறினதும் தன் கோட்டைக் கழட்டி மாமியாருக்குப் போத்தி, முன் சீட்டுல உக்கார வெச்சா. தூங்கிட்டியா?

ம்ஹும்.

அப்புறம் நெப்ராஸ்கா. தட்டையா ஒரே புல்வெளி. பக்கத்துலயே பிளாட் ஆறு கூட வருது. ஒரு நாள் காலையில லவினியாம்மா, "நிறுத்து"ன்னாங்க. ஆறு ரெண்டாப் பிரிஞ்சு நடுவுல ஒரு தீவு. தீவுக்கு நேரா, மாடு படுத்திருக்கற மாதிரி ஒரு மேடு. "அந்த மேட்டைப் பார்த்துக்கிட்டேதான் நின்னேன். அம்மா என் முகத்தைத் திருப்பி விட்டாங்க, குழியைப் பார்க்கக் கூடாதுன்னு."

ரெண்டு பேரும் தேடினாங்க. புல்லை விலக்கி விலக்கிப் பார்த்தாங்க. கல்லும் இல்ல, மண் மேடும் இல்ல. கடைசியில லவினியாம்மா ஆத்தைப் பார்த்தாங்க, மேட்டைப் பார்த்தாங்க, காலுக்குக் கீழ பார்த்தாங்க. ரோட்டு நடுவுல நின்னுக்கிட்டிருந்தாங்க.

எட்னா குனிஞ்சு அந்தத் தரையைப் பார்த்தா. "ரோட்டைப் போட்டுட்டாங்களேம்மா, புள்ளை மேல"ன்னா.

லவினியாம்மா அப்படியே தரையில உக்காந்தாங்க.  "உனக்கு ஒண்ணு சொல்றேன். ஹோரஸ்கிட்டகூட சொன்னதில்ல. புதைச்ச மறுநாள் காலையில எங்கப்பா முப்பது வண்டியையும் அவ மேலயே ஓட்டச் சொன்னாரு. ஓநாய் தோண்டிடும்னு. தடம் தெரியக் கூடாதுன்னு. கடகடகடன்னு ஒவ்வொரு வண்டியாப் போச்சு. எங்க வண்டிதான் கடைசி. அம்மா காதைப் பொத்திக்கிட்டாங்க. நான் பொத்தல." மண்ணைக் கையால தடவிக் குடுத்தாங்க. "இப்போ வண்டி நிக்கவே நிக்காது. எந்த ஓநாயும் வராது."

எட்னா பக்கத்துல உக்காந்து அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டா.

அப்போ அந்தப் பக்கமா ஒரு ஆளு, பக்கத்து ஊர்க் கடைக்காரர், பெயின்ட் டப்பாவோட வந்தாரு. மழையில வெளுத்த கம்பத்துக்கெல்லாம் பட்டை அடிக்கறாரு. எட்னா போய் விஷயத்தைச் சொன்னா. அவரு தொப்பியைக் கழட்டினாரு, பிரஷ்ஷை நீட்டினாரு. லவினியாம்மா அதை வாங்கினாங்க. எட்னா அந்தக் கையோட தன் கையையும் சேத்துப் பிடிச்சுக்க, ரெண்டு பேருமா மூணு பட்டைக்குக் கீழ நீலத்துல எழுதினாங்க: ரூத்.

"திரும்பலாமாம்மா?"ன்னா எட்னா.

லவினியாம்மா கிழக்கே பார்த்தாங்க. "இன்னும் ரோடு இருக்கே."

எட்னா புருஷனுக்குத் தந்தி அடிச்சா: "அம்மா திரும்ப மாட்டேங்கறாங்க. நியூயார்க் போறோம்." அயோவா சேத்துல ரெண்டு நாள் மாட்டினாங்க. இல்லினாய், இண்டியானா, அப்புறம் ஓஹையோவுல லவினியாம்மா பொறந்த ஊரு. பென்சில்வேனியா மலை, நியூ ஜெர்சி, அப்புறம் படகுல ஏறி நியூயார்க். வழி பூரா ரெண்டு பேரும் பேசித் தீரல.

அப்புறம் வருஷம் ஓடிப் போச்சு. லவினியாம்மா போயிட்டாங்க. ரோட்டுக்குப் பேரு போயி நம்பர் வந்துச்சு, மண்ணு போயி சிமென்ட் வந்துச்சு, வளைஞ்ச இடத்தையெல்லாம் நேராக்கினாங்க. எட்னாவும் தலை நரைச்சு ஒரு தடவை அந்தப் பக்கம் போனா. கம்பத்தைக் காணோம். தீவு ஆத்தோட போயிருந்துச்சு. மேட்டுல மரம் வளந்து எது மேடுன்னே தெரியல. எந்த இடம்னு எட்னாவுக்குச் சொல்ல முடியல.

அதனால அந்த ஆத்தோரம் முழுக்க வண்டியை மெதுவா ஓட்டினா. பின்னாடி வர்றவங்க பாம் பாம்னு அடிச்சுக்கிட்டே தாண்டிப் போனாங்க. போகட்டும்னு அவ பாட்டுக்கு மெதுவா, மெதுவாப் போனா.

ம் சத்தத்தையே காணோம். சரி, வண்டியும் நின்னுது, கதையும் நின்னுது. நீ தூங்கு.