இரண்டாவது கூடை

மலைக்குத் தெற்கே ஒரு ராஜா, வடக்கே ஒரு ராஜா ஆண்ட காலம். தெற்கே மருதங்குடியில் உமையாளம்மை என்ற மருத்துவச்சி, கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் வைத்தியம் சொல்லிக்கொடுத்தாள். அவளுடைய சீடர்களில் பாதிப் பேர் வெளிச்சீமைக்காரர்கள். தவசி அவர்களில் ஒருவன். மலை தாண்டி வடக்கே ஏரிப்பாக்கத்திலிருந்து வந்தவன்.

தவசி வடக்கே தலை வைத்துப் படுப்பான். ஆகாது என்று கூடப் படித்தவர்கள் பாயோடு இழுத்துத் திருப்பிப் போட்டுப் பார்த்தார்கள். விடிந்து பார்த்தால் தலை பழையபடி வடக்கே இருக்கும். அம்மா இருக்கிற திசைக்குக் காலை நீட்ட முடியாது என்பான். நாடி பிடிப்பதில் கெட்டிக்காரன்தான். ஊர் என்று வந்துவிட்டால் மட்டும் சின்னப் பிள்ளை. மலையிறங்கி வரும் உப்பு வண்டிக்காரர்களை வழிமறித்து, ஏரி நிரம்பிவிட்டதா, அரசமரத்துக் கிளை முறிந்ததாமே, வெட்டிவிட்டார்களா என்று கேட்டுக்கொண்டே கூட நடப்பான். வண்டிக்காரர்களுக்குப் பாவமாக இருக்கும். தெரியாததையும் தெரிந்த மாதிரி சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்தப் பங்குனியில் மருதங்குடிக்குப் புதிய நீர்க்கட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. குளத்துத் தண்ணீரை யாருக்கு எப்போது விடுவது என்று முடிவு செய்கிறவர் நீர்க்கட்டி. இரண்டு பேர் நின்றார்கள். வயலுக்குப் போக மிச்சம்தான் குடிக்க என்றார் ஒருவர். குடிக்க ஒதுக்கிவிட்டுத்தான் வயலுக்கு என்றார் மற்றவர். கோடையில் கீழத்தெருக்காரர்கள் குளத்தின் அடிமண்டியைத்தான் குடிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு வயிறு கெட்டுப்போகும். தவசி கஷாயக் கலயத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஓடுவான். போன கோடையில் ஒரு குழந்தை அவன் மடியிலேயே கண்ணை மூடிவிட்டது.

மலைக்கு இரண்டு பக்கமும் வழக்கம் ஒன்றுதான். நிற்கிறவர்களுக்கு ஆளுக்கொரு பானை வைப்பார்கள். யார் வேண்டுமோ அவர் பானையில் ஒரு புளியங்கொட்டை போட வேண்டும். போட்டவர்கள் ஆனி மாதம் குளத்தைத் தூர் வாரும்போது ஆளுக்கொரு கூடை மண் சுமக்க வேண்டும். ஒருவருக்கு ஓர் ஊர்ப் பானைதான். வேறு ஊரில் கொட்டை போட்டவன் பேரைச் சொந்த ஊர்க் கணக்கிலிருந்து அடித்துவிடுவார்கள். மறுபடி சேர்க்க ஊர் கூடிச் சம்மதிக்க வேண்டும்.

சீடர்கள் கொட்டை போடலாமா என்று மருதங்குடியில் பேச்சு கிளம்பியது. நம் தண்ணீரைத்தானே குடிக்கிறார்கள், போடட்டுமே என்றார்கள் சிலர். இன்று வந்து நாளை போகிறவர்களுக்கு இங்கே என்ன பாத்தியதை என்றார்கள் சிலர். ஆனியில் ஊரே சேற்றில் இறங்கிச் சுமக்க, சீடர்கள் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். கூடை சுமக்கிறவன் போடட்டும் என்று ஊர்த்தலைவரான அம்பலக்காரர் முடித்துவிட்டார்.

தவசிக்குப் படிப்பு இன்னும் சில வருஷம் பாக்கி இருந்தது. அவன் உமையாளம்மையிடம் வந்து நின்றான்.

“நான் எங்க கொட்டை போடணும்மா?”

அம்மை வேர் நறுக்கிக்கொண்டிருந்தாள். “இதுவரைக்கும் எங்க போட்டே?”

“எங்க ஊர்லதான். நான் இங்க இருந்தாலும் எங்கம்மா எனக்கும் சேர்த்துப் போட்டுடுவாங்க. என் பேரு இன்னும் அங்க இருக்கு.”

சொல்லும்போதே அவன் முகம் மலர்ந்தது.

“அப்புறம் எதுக்குக் கேக்குறே?”

தவசி தரையைப் பார்த்தான். “அந்தக் குழந்தை ஞாபகம் வருதும்மா.”

அம்மை கத்தியைக் கீழே வைத்தாள். இரண்டு கூடைகளை எடுத்துக்கொண்டு அவனைக் குளத்துக்கு அழைத்துப் போனாள். தண்ணீர் நடுவில் சுருங்கிக் கிடந்தது. ஓரத்துச் சேற்றை அள்ளச் சொன்னாள். ஒரு கூடை நிரம்பியதும் அவன் தலையில் ஏற்றிவிட்டாள். கரையேறப் போனவனை நிறுத்தி, இன்னொரு கூடையையும் நிரப்பி அதன்மேல் வைத்தாள். போ என்று கையைக் காட்டினாள்.

பாதி ஏற்றத்தில் கால் வழுக்கியது. சேற்றுத் தண்ணீர் முதுகில் வழிந்தது. பிடரி நரம்பு சுண்டி இழுத்தது. எப்படியோ மேலே போய் இரண்டையும் கொட்டிவிட்டு உட்கார்ந்தான்.

“ஆளுக்கு ஒரு கூடைதானேம்மா வழக்கம்? ரெண்டாவது எதுக்கு?”

“ஒண்ணு சுமக்கிறவங்களுது. ரெண்டாவது, ஊர்ல இல்லாதவனுது.”

பிடரியைத் தேய்த்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது.

போன ஆடியில் அவன் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. கூப்பிட்டால் உடம்போடு திரும்பினாள். கோணலாகப் படுத்துவிட்டேன் என்று சிரித்தாள். வைத்தியம் படிக்கிற பிள்ளையாயிற்றே, உடனே நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்தான். தைலம் காய்ச்சி வைத்துவிட்டு வந்தான். நோவு எதனால் வந்தது என்று மட்டும் கேட்கவில்லை. நோயாளியிடம் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான் என்று அம்மை அவனுக்கு முதல் நாளே சொல்லியிருந்தாள்.

அவனுக்குக் கண்ணீர் முட்டியது. அப்போதே மலையேறி ஓடிவிட வேண்டும் போல இருந்தது. வடக்கே பார்த்தபடியே சொன்னான்.

“நான் இங்க போட்டா எங்கம்மா ஒரு கூடையை இறக்கி வெச்சுடலாம்.”

“ஆமா.”

“இந்தக் குளத்துல நான் சுமக்கணும்.”

“ஆமா.”

“அந்தக் கூடைதாம்மா அங்க எனக்குன்னு இருக்கிற ஒரே இடம். அதையும் இறக்கிட்டா நான் எந்த ஊர்க்காரன்?”

அம்மை காலிக் கூடைகளில் ஒன்றை எடுத்து அவன் பக்கத்தில் வைத்தாள். மற்றதைத் தன் இடுப்பில் இடுக்கிக்கொண்டாள்.

“ஆடிக்கு ஊருக்குப் போவே இல்ல? வாசல்ல நின்னு அம்மான்னு கூப்பிடு. எந்த ஊரு தம்பின்னு அவ கேட்டா, எனக்குச் சொல்லி அனுப்பு.”