வீரபாகு அறுத்த பாவு

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்த ஊர் ராஜா என்று மட்டும் கேட்காதீர்கள், சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ராஜா நல்லவர்தான். ஆனால் காலையில் மனசில் ஒன்று தோன்றினால் மத்தியானத்துக்குள் அது சட்டமாகிவிடும். அவரை வைத்துக்கொண்டு நாடு பட்ட பாடு கொஞ்சமில்லை.

ஒரு தேர்த் திருவிழாவுக்கு ராஜா மயில்கழுத்து நிறத்தில் மேல்துண்டு போட்டுக்கொண்டு வந்தார். அந்த நிறம் சாயத்தில் முக்கி எடுக்கிற நிறம் இல்லை. நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் நீலம், குறுக்கே ஓடுகிற ஊடை நூல் பச்சை. இரண்டும் சேர்ந்தால்தான் மயிலின் கழுத்து மாதிரி மினுங்கும். தேரடியில் பார்த்தால், தவில்காரர் ஒருவர் அதே நிறத்தில் ஒன்றை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க வாசித்துக்கொண்டிருக்கிறார். ராஜாவுக்கு முகம் தொங்கிப் போயிற்று.

அன்று மத்தியானமே பறை அறைந்தார்கள். "மகாராஜா தம் வாயால் சொல்லாமல், மயில்கழுத்து நிறத் துணியை இந்நாட்டில் எவன் உண்டாக்குகிறானோ, அவனுடைய வலக்கைக் கட்டைவிரல் வெட்டப்படும். அவனுக்காகப் பரிந்து பேசுகிறவனுக்கும் அதே தண்டனை."

முதல் வாக்கியம் ராஜாவுடையது. இரண்டாவது வாக்கியம் வீரபாகுவுடையது. இந்த வீரபாகு அரண்மனை ஆடை அறைக்கு அதிகாரி. அவருக்கு, சபையைச் சிரிக்க வைக்கிற விகடன் குப்பாண்டியைக் கண்டால் வயிற்றெரிச்சல். ஒருநாள் சபையில், "முதலில் அதிகாரியின் தலைப்பாகை வரும், அரை நாழிகை கழித்து அதிகாரி வருவார்" என்று குப்பாண்டி சொல்லிவிட்டான். ராஜா இரண்டு நாள் சிரித்தார். வீரபாகு அதை மறக்கவில்லை.

நாட்டிலேயே மயில்கழுத்து நெய்வதில் கைதேர்ந்தவர் செங்கோடன். அவர் குப்பாண்டியின் மனைவிக்குக் கூடப்பிறந்த அண்ணன். வீரபாகு ஏன் அந்த இரண்டாவது வாக்கியத்தை எழுதிச் சேர்த்தார் என்று இப்போது புரிகிறதா?

செங்கோடன் தன் மகள் கல்யாணத்துக்கு மயில்கழுத்தில் கூறைப்புடவை ஒன்றைத் தறியில் ஏற்றியிருந்தார். பாதி நெய்தாகிவிட்டது. பறைச் சத்தம் காதில் விழுந்ததும் ஊடை நூல் ஓட்டுகிற நாடாவைக் கையிலிருந்து அப்படியே வைத்தவர், பிறகு தறிக்குழியில் இறங்கவே இல்லை. பத்து நாளாய்த் தறி சும்மா நின்றது. பதினோராம் நாள் வீரபாகு சேவகர்களோடு வந்து நுழைந்தார். நெய்த பாதியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, செங்கோடனையும் கட்டி இழுத்துக்கொண்டு போனார்.

சபையில் கட்டையும் அரிவாளும் தயாராய் இருந்தன. வெட்டின இடத்தில் ஊற்ற எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. செங்கோடன் வலது கட்டைவிரலை மற்ற விரல்களுக்குள் மறைத்து மூடிக்கொண்டு நின்றார். அந்த விரல் போனால் இழையைப் பிடிக்க முடியாது, இழையைப் பிடிக்காதவனுக்குத் தறி எதற்கு? குப்பாண்டியும் சபையில்தான் நின்றிருந்தான். வாயைத் திறந்தால் தன் விரலும் போகும், திறக்காவிட்டால் வீட்டில் மனைவி முகத்தில் விழிக்க முடியாது.

"குப்பாண்டி, இவன் உன் மச்சான் என்கிறார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று ராஜா கேட்டார்.

வீரபாகு இரண்டடி முன்னால் வந்து நின்றார். அந்த ஒரு பேச்சுக்காகத்தானே மனிதர் காத்திருந்தார்.

"யாருக்காகவும் நான் பரிந்து பேசவில்லை மகாராஜா," என்றான் குப்பாண்டி. "குற்றவாளியின் விரல் போக வேண்டியதுதான். அது சரியான விரலாக இருக்க வேண்டும். அதற்கு நாலைந்து கேள்வி கேட்க அனுமதி வேண்டும்."

"கேள். சொல்லில் சிலம்பம் ஆடி என் பொறுமையைச் சோதித்தால், உன் விரலும் கட்டையில் இருக்கும்."

"பஞ்சு வைத்திருப்பது குற்றமா மகாராஜா?"

"இல்லை."

"பஞ்சைத் திரித்து நூலாக்கினால்? அந்த நூலுக்கு நீலமும் பச்சையும் ஏற்றினால்? கஞ்சி போட்டுப் பாவு ஓட்டினால்?"

ராஜா கைப்பிடியில் விரலால் தட்டினார். "எதுவும் குற்றமில்லை. துணிதான் குற்றம். எண்ணெய் கொதிக்கிறது, சீக்கிரம் முடி."

குப்பாண்டி செங்கோடன் பக்கம் திரும்பினான். "மச்சான், அதிகாரி கையில் இருக்கிறதே, தறியில் நிற்கும்போது இதற்கு உங்கள் தெருவில் என்ன பெயர்?"

"பாவுதான் மாப்பிள்ளை," என்றார் செங்கோடன். "பாதி நெய்தாலும் பாவு, முக்கால் நெய்தாலும் பாவு. அறுத்து இறக்கினாத்தான் அது துணி."

குப்பாண்டி அரண்மனைப் புலவரைப் பார்த்தான். "புலவர் ஐயா, துணிக்குத் துணி என்று ஏன் பெயர் வந்தது?"

புலவருக்கு வீரபாகுவைக் கண்டால் பயம். ஆனாலும் தமிழில் கேள்வி கேட்டால் அவரால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது, அது ஒரு வியாதி. "துணித்தல் என்றால் வெட்டுதல். துணிக்கப்படுவதால் துணி. பழைய வழக்கில் ஆடைக்கு அறுவை என்றும் பெயர் உண்டு, அறுக்கப்படுவதால்," என்று சொல்லிவிட்டுத் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

வீரபாகு சிரித்தார். "அறுக்கப்பட்டதுதான் துணி என்றால் ரொம்ப நல்லது. இதோ என் கையில் இருக்கிறதே, இது அறுக்கப்பட்டதுதானே? குற்றம் ருசுவாகிவிட்டது மகாராஜா."

"நானும் அதைத்தான் சொல்ல வருகிறேன்," என்றான் குப்பாண்டி. "ஆனால் அதிகாரி அவர்களே, ஒரு சந்தேகம். செங்கோடன்தான் பயந்துபோய் அறுத்துக் கையில் கொடுத்தாரோ?"

"அவனா? அறுக்காதீர்கள், அறுக்காதீர்கள் என்று என் காலைப் பிடித்துக் கதறினான்."

"அப்படியானால் சேவகர்கள் அறுத்திருப்பார்கள். நெய்த இடத்தை விட்டுத் தள்ளி, நெய்யாத பாவில் போய் வெட்டியிருக்கிறது. ஒரு சாணுக்கு வெறும் நூல் தொங்குகிறதே."

"சேவகர்களை நம்பி நான் வேலை செய்வதில்லை. என் உடைவாளால், என் கையால் அறுத்தேன்."

"மகாராஜா அறுக்கச் சொன்னாரா?"

"இதையெல்லாம் சொல்லித்தான் செய்ய வேண்டுமா? நானே யோசித்துச் செய்தேன்."

குப்பாண்டி ராஜாவின் முன்னால் போய்க் கைகட்டி நின்றான். "என் கேள்விகள் முடிந்தன மகாராஜா. தறியில் இருந்தவரை அது பாவு. அதைத் துணியாக உண்டாக்கியவர் யார், யார் சொல்லாமல் உண்டாக்கினார் என்பதை அவர் வாயாலேயே சபை கேட்டது. அரிவாள் காத்துக்கொண்டிருக்கிறது."

வீரபாகுவின் கையிலிருந்த சுருள் கீழே விழுந்தது. அவர் மந்திரியைப் பார்த்தார், மந்திரி தரையைப் பார்த்தார். சேனாதிபதியைப் பார்த்தார், அவர் தம் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டார். பரிந்து பேசினால் அதே தண்டனை என்று எழுதிவைத்தவரே வீரபாகுதானே, யார் வாயைத் திறப்பார்கள்?

"சட்டம் சட்டம்தான். வீரபாகு, கையை நீட்டு," என்றார் ராஜா.

வீரபாகு முட்டி போட்டுக் கையைக் கட்டைமேல் வைத்தார். அரிவாள் மேலே போனபோது குப்பாண்டி குறுக்கே வந்தான்.

"என்ன, இவனுக்காகப் பரிந்து பேசுகிறாயா?" என்று ராஜா உறுமினார்.

"ஐயோ, நானா? அந்த விரலுக்கு ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்று சொல்ல வந்தேன். தறியில் இரண்டாயிரத்துச் சொச்சம் இழைகள் அறுந்து தொங்குகின்றன. அதை இந்தச் சுருளோடு ஒவ்வொரு இழையாய்ப் பிணைத்து முடிச்சுப் போட்டாக வேண்டும், பெண்ணுக்கு முகூர்த்தம் நெருங்குகிறது. கட்டைவிரல் இல்லாமல் முடிச்சு விழாது மகாராஜா. வேலை முடியட்டும், பிறகு எப்போது வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளலாம்."

ராஜா குப்பாண்டியைப் பார்த்தார். தரையில் கிடந்த நூல்களைப் பார்த்தார். பெரிய தலைப்பாகையோடு வீரபாகு தறிக்குழியில் உட்கார்ந்து இழை பிணைக்கிற கோலம் அவர் கண்ணில் வந்திருக்க வேண்டும். முதலில் மீசை துடித்தது. பிறகு வயிறு குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "எண்ணெயைச் சமையலறைக்குக் கொண்டுபோங்கள், அதில் வடையாவது சுடட்டும். அந்தச் சட்டத்தையும் இன்றோடு அறுத்துவிடுங்கள்," என்றவர், தம் தோளில் இருந்த மயில்கழுத்துத் துண்டை எடுத்துக் குப்பாண்டியின் தோளில் போட்டார். செங்கோடன் அப்போதுதான் மூடிய கையைத் திறந்தார்.

வீரபாகு ஒன்பது நாள் தறியில் உட்கார்ந்து முடிச்சுப் போட்டார். செங்கோடன் பக்கத்தில் இருந்து, "அந்த இழை இல்லீங்க, அதுக்கு அடுத்தது," என்று மரியாதையாகவே சொல்லிக்கொண்டிருந்தார். பத்தாம் நாள் தறி மறுபடி ஓடியது. முகூர்த்தத்துக்கு முதல் நாள் செங்கோடன் கூறைப்புடவையைத் தம் கையாலேயே அறுத்து இறக்கினார்.

அந்தப் புடவையில் நடுவே ஒரு இடத்தைத் தடவினால் கையில் நெருநெருவென்று முடிச்சுகள் தட்டும். இது என்ன என்று யாராவது கேட்டால், கல்யாணப் பெண் சொல்லுவாளாம்: "அது எங்கப்பா நெய்ததில்லை. அரண்மனை அதிகாரி கைவேலை."