துரையின் கன்றுகள்

“இதுவும் தேறாதுங்க தாயீ.”

மாதப்பன் தோளில் சுமந்து வந்த கன்றை மடத்து வாசலில் இறக்கி வைத்தார். காலையில் பிறந்த கன்று. கால்களை ஊன்றப் பார்த்தது, முடியாமல் படுத்துக்கொண்டது.

அந்த மலையில் செம்மறை மாடுகள் மந்தையாக மிஞ்சியது மாதப்பனின் பட்டியில் மட்டும்தான். சிவப்பு உடம்பில் வெள்ளைத் திட்டுகள் கொண்ட மாடுகள். அந்தப் பெருமையில் அவர் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியே நடப்பார். டவுனிலிருந்து வந்து படம் பிடித்துக்கொண்டு போகிறவர்களிடம், தான் இல்லாவிட்டால் இந்த இனமே கிடையாது என்பார்.

மடத்துச் சிவம்மைக்கு அவரைவிட இருபது வயது குறைவு. இருந்தாலும் மலைக்காரர்களுக்கு அவள்தான் குரு. அவள் கன்றின் வாயில் விரலை வைத்தாள். அது சப்பவில்லை.

“என்ன பாவம் பண்ணினேன் தாயீ? பிறக்கிற கன்னு ஒண்ணும் தங்க மாட்டேங்குது. டாக்டர் பார்த்தாச்சு. சாமிக்கு வேண்டுதல் முடிச்சாச்சு. தீவனத்துல ஒரு குறை வெக்கலைங்க.”

“இதுக்கு அப்பன் யாருங்க?”

“துரைதான்.”

அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் மலர்ந்தது. துரை அவருடைய பொலிகாளை. நெற்றியில் வெள்ளை, நாலு காலிலும் வெள்ளை. கண்காட்சியில் மாலை வாங்கிய காளை.

“தாய்க்கு அப்பன்?”

“அதுக்கும் துரைதான்.”

“தாயோட தாய்க்கு?”

“துரையோட அப்பன். வெளி ரத்தம் ஒரு சொட்டுக் கலக்கலைங்க.”

சிவம்மை கன்றின் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

“உங்க பொண்ணை எங்க கட்டிக் கொடுத்தீங்க?”

“கொள்ளேகாலத்துக்கும் அந்தப் பக்கம்.”

“அத்தனை தூரமா?”

“வேற என்ன பண்றதுங்க? நம்ம ஊர்ல இருக்கிறவன் எல்லாம் பங்காளி. அண்ணன் தம்பி முறைக்காரனுக்குப் பொண்ணைக் கொடுக்க...”

அத்தோடு நிறுத்திவிட்டார். கன்றைப் பார்த்தார்.

“வேற காளை வேணும்” என்றார் கடைசியில்.

“அடுத்த ஊர்கள்ல கேளுங்களேன்.”

மாதப்பன் தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த ஊர்களில் காளை இல்லை. வெள்ளை குறைந்த காளை எதுவும் தன் பசுக்களை நெருங்கிவிடக் கூடாது என்று, போன தை மாதம் அவரே ஆள் வைத்து, ஊர் ஊராக எல்லாவற்றுக்கும் காயடித்துவிட்டார். இனத்தைக் காப்பாற்றுகிறாராம். பெரிய மனுஷர்.

சிவம்மை எழுந்து மடத்தின் பின்பக்கம் நடந்தாள். அவரும் பின்னால் போனார்.

வேலியோரம் ஒரு காளை கட்டியிருந்தது. முழுச் சிவப்பு. வெள்ளை என்று பார்த்தால் வால் நுனியில் மட்டும். மலைக்கு அந்தப்புறம் எங்கோ பிறந்து, கன்றாக இருக்கும்போதே மடத்துக்கு நேர்ந்துவிட்ட மாடு. துரைக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை.

மாதப்பன் கையெடுத்துக் கும்பிட்டார்.

“தாயீ, இதைக் கொடுங்க. என் பட்டி பிழைச்சுக்கும்.”

“தை மாசம் நான் திருவிழாவுக்குப் போயிருந்தப்ப, உங்க ஆள் இங்கயும் வந்துட்டுத்தான் போயிருக்கான்.”

அவள் மாட்டின் கயிற்றை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தாள்.

“கூட்டிட்டுப் போங்க. ஏர் நல்லா இழுக்கும்.”