ஆட்காட்டி மரத்தைவிட்டு இறங்கியது ஏன்

அந்தக் காலத்தில் ஆட்காட்டிக் குருவி மரத்தில்தான் குடியிருந்தது. அப்போது அதற்கு அந்தப் பெயர் கிடையாது. ஏரிக்கரை மருதமரத்தின் உச்சியில் அதன் கூடு. கூர்மையான கண் என்பதால், கோரைக்குள் முட்டையிட்ட பறவைகள் எல்லாம் அதையே காவலுக்கு நம்பியிருந்தன. வேற்றாள் யாராவது வந்தால் அது குரல் கொடுக்கும்.

ஒரு கோடையில் பாம்பு ஒன்று மரமேறி அதன் குஞ்சுகளை நெருங்கியது. அந்த வழியாக வந்த கீரி பாய்ந்து ஏறி, பாம்பைக் கடித்துக் கொன்றது.

"உசுருள்ளவரைக்கும் மறக்கமாட்டேன், அண்ணா" என்றது குருவி.

கொஞ்ச நாளில் அதே கீரி கோரைக்குள் நுழைந்தது. அங்கே முட்டையிட்டிருந்த தாழைக்கோழி என்ற நீர்ப்பறவை இரை தேடப் போயிருந்தது. குரல் கொடுக்க வாயைத் திறந்த குருவி, வந்தது யாரென்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிறகைக் கோதியது.

சாயங்காலம் தாழைக்கோழி மரத்தடிக்கு வந்தது. "அக்கா, ஒரு முட்டைகூட இல்லை. யார் வந்தது?"

"என் கண்ணில் யாரும் படவில்லையே, தங்கச்சி."

"உன் கண்ணிலேயே படவில்லையென்றால், அலைதான் அடித்துக்கொண்டு போயிருக்கும்."

அப்படித் தன்னைத் தேற்றிக்கொண்டு, அதே இடத்தில் மறுபடியும் முட்டையிட்டது. மேலே காவல் இருக்கிறது என்ற தைரியத்தில் கண்ணயர்ந்து அடைகாத்தது.

கீரி பட்டப்பகலில் வந்தது. இந்தத் தடவை பதுங்கக்கூட இல்லை. 'முட்டையைத்தானே எடுப்பார்' என்று குருவி கண்ணை மூடிக்கொண்டது. ஒரே ஒரு அலறல் கேட்டது. கண்ணைத் திறந்தபோது கீரியின் வாயில் தாழைக்கோழி தொங்கியது.

"அண்ணா! அவளையுமா?"

கீரி அதைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தது. "போன தடவை நீ என்னைப் பார்த்தாய். வாய் திறக்கவில்லை. உனக்குச் சம்மதம் என்றுதானே நினைத்தேன்?"

அதன் குரலில் கேலி இல்லை. உண்மையாகவே அதற்குப் புரியவில்லை. தாழைக்கோழியைக் கவ்விக்கொண்டு அது போய்விட்டது.

குருவியின் குஞ்சுகள் அதற்குள் பறக்கக் கற்றுப் போய்விட்டிருந்தன. அது மரத்தைவிட்டு இறங்கி, சூடு ஆறாத அந்த முட்டைகள்மேல் உட்கார்ந்தது. முட்டைக்காகக் கீரி திரும்பி வந்தபோது, ஏரியே அதிரும்படி கத்திக்கொண்டு அதன் முகத்தில் பாய்ந்தது. கரையிலிருந்த பறவைகள் எல்லாம் கூடி வந்து கீரியை விரட்டின. முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் தண்ணீரில் இறங்கி நீந்திப் போயின.

அன்று முதல்தான் ஆட்காட்டி மரத்தில் கால் வைப்பதில்லை, வெறுந்தரையில் முட்டையிடுகிறது, வருவது வேண்டியவரா வேண்டாதவரா என்று பார்க்காமல், யாரைக் கண்டாலும் கத்துகிறது.