தாழ்ந்துபோகும் கை

“மேடம், நியாயம்னா என்ன?” என்று கேட்டாள் ஜெபக்கனி.

ஞானம் தேடி வந்தவள் கேட்கிற தோரணை அதில் இல்லை. சண்டைக்கு வந்தவளின் தோரணைதான் இருந்தது. கையில் ஒரு ஜாக்கெட்டைச் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

பெர்பெத்துவா வாள் முனையில் இருந்த விசைப்பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். தூத்துக்குடியில் இருந்த அந்த வாள்வீச்சுக் கழகத்துக்குப் பெண்கள் பிரிவின் தலைமைப் பயிற்சியாளராக அவர் வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஜெபக்கனி அவருக்கு உதவிப் பயிற்சியாளர். அதே கழகத்தில் சிறுமியாகச் சேர்ந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே வேலைக்கும் வந்தவள்.

“கையில என்ன?” என்றார் பெர்பெத்துவா.

“இதுதான் நியாயம். பாருங்க.”

ஜாக்கெட்டை உதறி விரித்தாள். உலோக நூலில் நெய்த, கையில்லாத ஜாக்கெட். அதன் தோள்பட்டையில் ஜெபக்கனியைப் போல ஒன்றரைப் பேர் நுழையலாம்.

ஃபாயில் என்ற வாள்வீச்சுப் பிரிவில், எங்கே வேண்டுமானாலும் குத்திப் புள்ளி எடுத்துவிட முடியாது. கழுத்துக்குக் கீழே, இடுப்புவரை மட்டும்தான் கணக்கு. அந்த இடத்தை மூடத்தான் இந்த ஜாக்கெட். எதிராளியின் முனை இதில் பட்டால் வண்ண விளக்கு எரியும், புள்ளி. வேறு எங்கே பட்டாலும் வெள்ளை விளக்கு எரியும், புள்ளி கிடையாது. ஜாக்கெட் எதுவரை தொங்குகிறதோ, அதுவரை குத்தலாம்.

“இதை இசக்கிக்குக் கொடுத்திருக்காங்க மேடம். அவ ஒன்பதாவது படிக்கிறா, ஊதுனா பறந்துடுவா. இது அவளுக்குத் தொடைவரைக்கும் வருது. தோள் இறங்கி முழங்கைகிட்ட நிக்குது. ஒரு பையனோட தொடையில குத்துனா வெள்ளை விளக்கு. இவ தொடையில குத்துனா பாயிண்ட். இவளுக்கு மட்டும் உடம்பு கூடவா?”

“சின்ன ஜாக்கெட் இல்லையா?”

“இருக்கு. சின்னப் பையன்களுக்கு. பெரிய பையன்க போட்டுக் கழிச்சதுதான் பொம்பளப் பிள்ளைகளுக்கு. இங்க எப்பவும் அப்படித்தான்.”

“ராஜதுரை மாஸ்டர்கிட்டக் கேட்டியா?”

ராஜதுரை ஆண்கள் பிரிவின் பயிற்சியாளர். கழகத்தின் செயலாளரும் அவர்தான். கூடத்தின் சாவி, நேரம், சாமான் எல்லாம் அவர் கையில்.

“கேட்டேனே! ‘குத்து வாங்காம ஆடச் சொல்லும்மா, அப்ப ஜாக்கெட் பெருசா இருந்தா என்ன, சிறுசா இருந்தா என்ன’ங்கிறார். சொல்லிட்டு அவரே சிரிச்சுக்கிட்டார்.”

பெர்பெத்துவா வாளைக் கீழே வைத்தார்.

“நீ என்ன செஞ்ச?”

“நான் சும்மா இருப்பேனா?” ஜெபக்கனியின் குரலில் பெருமை வந்தது. “பிள்ளைகளுக்குக் கையைத் தாழ்த்தி ஆடச் சொல்லிக் கொடுத்தேன். தொடைக்கு வர்ற குத்தையும் தட்டிவிடுவாங்க. எந்தப் பையனுக்கு அது தெரியும்? எம்பிள்ளைக அவங்களைவிட ஒரு முழம் கூடவே காப்பாத்துவாங்க.”

“கை தாழ்ந்தா தோள் திறக்குமே.”

“திறக்கும். என்ன செய்ய? ரெண்டையும் மூட மூணு கையா இருக்கு?”

பெர்பெத்துவா ஜாக்கெட்டை வாங்கி மடித்தார்.

“வா, கூட்டத்துல கேப்போம்.”

பயிற்சியாளர்களும் ஊழியர்களும் கூடும் மாதக் கூட்டம் அது. வழக்கமாகத் தேநீரும் வடையும் தீர்ந்ததும் கூட்டமும் தீர்ந்துவிடும். அன்று தீரவில்லை. ஜெபக்கனி ஜாக்கெட்டைத் தன் மேலேயே மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

“என்ன எம்மா, தார்ப்பாயைச் சுத்திக்கிட்டு வந்திருக்க?” என்றார் சாமான் அறை பார்க்கும் குரூஸ். எல்லோரும் சிரித்தார்கள்.

“சிரிங்கண்ணே. இதைத்தான் நீங்க பிள்ளைகளுக்கு எடுத்துக் குடுக்கீங்க.”

“நான் குடுக்கலம்மா, குடுக்கச் சொன்னதைக் குடுக்கேன்.”

ராஜதுரை நாற்காலியில் சாய்ந்தார். “சரி, வச்சுக்கோங்க. இசக்கி அளவுக்கு ஒண்ணு வாங்கித் தாரேன். ஆனா ஒண்ணு கேக்கேன். ஞாயித்துக்கிழமை மாவட்ட அணித் தேர்வு. ஜாக்கெட் சரியா இருந்தா அவ ஜெயிப்பாளா?”

“ஜெயிப்பா.”

“தோத்துட்டா? சாயங்கால நேரம் இவ்வளவு நாளா பிள்ளைகளுக்குன்னு ஒதுக்கியிருக்கு. ஒரு மெடல் வந்ததில்லை. வெளிய பையன்க காத்துக் கிடக்கானுக. இசக்கி தோத்தா அந்த நேரம் அவனுகளுக்கு. சரியா?”

“மாஸ்டர், அது எப்படி…” என்று பெர்பெத்துவா தொடங்கினார்.

“சரி,” என்றாள் ஜெபக்கனி. “எழுதி வேணும்னாலும் வச்சுக்கோங்க.”

பெர்பெத்துவா அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை. ராஜதுரையைத்தான் முறைத்துக்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை புது ஜாக்கெட் வந்தது. இசக்கி போட்டுப் பார்த்தாள். தோள் தோளில் நின்றது. இடுப்பு இடுப்பில் நின்றது. கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, “அக்கா, நான் இவ்வளவுதானா!” என்று சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தேர்வு அவர்கள் கூடத்திலேயே நடந்தது. இசக்கிக்கு எதிரே வந்தது ஒரு பள்ளிக்கூட அணிப் பெண். முதல் புள்ளியை இசக்கி எடுத்தாள். இரண்டாவதையும் எடுத்தாள். ஜெபக்கனி ராஜதுரை இருந்த பக்கம் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

பிறகு எதிராளி ஒன்றைக் கண்டுகொண்டாள்.

வாள் முனையை இசக்கியின் தொடைப் பக்கம் காட்டினாள். இசக்கியின் கை தொடைக்குப் போனது. முனை மேலே வந்து தோளில் குத்தியது. வண்ண விளக்கு.

மறுபடி தொடைப் பக்கம் காட்டினாள். மறுபடி கை போனது. மறுபடி தோள்.

“தொடையை விடுட்டி!” என்று கத்தினாள் ஜெபக்கனி. “அங்க பட்டா ஒண்ணுமில்ல! விடு!”

இசக்கி தலையசைத்தாள். கேட்டுக்கொண்டாள் என்பது தெரிந்தது. அடுத்த முறையும் கை தொடைக்குத்தான் போனது.

ஆட்டம் சீக்கிரமே முடிந்துவிட்டது.

மற்ற கழகத்தார் எல்லாம் புறப்பட்ட பிறகு, ராஜதுரை தன் மாணவர்கள் நாலைந்து பேரோடு வந்தார்.

“புது ஜாக்கெட்டும் வந்தாச்சு. விளக்கும் ஒழுங்கா எரிஞ்சுது. இப்ப எதைக் குத்தம் சொல்லப் போறீங்க எம்மா?” என்றார். “நாளைலேர்ந்து சாயங்காலம் பையன்க வருவானுக.”

ஜெபக்கனியின் கோபமெல்லாம் பக்கத்தில் நின்ற இசக்கியின் மேல் திரும்பியது.

“ஏன்ட்டி கையை இறக்குன? எத்தனை தடவை சொன்னேன்!”

“நீங்கதானக்கா இறக்கச் சொன்னீங்க?” என்றாள் இசக்கி. அழுதுகொண்டே சொன்னாள். “மூணு வருஷமா அதைத்தானக்கா சொல்லிக் குடுத்தீங்க?”

ஜெபக்கனி பெர்பெத்துவாவிடம் போனாள்.

“மேடம், ஜாக்கெட்டைக் கழட்டியாச்சு. அளவா ஒண்ணு போட்டாச்சு. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பிறகு ஏன் கை கீழே போகுது?”

பெர்பெத்துவா எழுந்தார். ஒரு வாளை அவளிடம் கொடுத்தார். முகமூடி ஒன்றைக் கொடுத்தார்.

“போட்டுக்கோ.”

“நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க மேடம்.”

“போட்டுக்கோன்னு சொன்னேன்.”

இருவரும் எதிரெதிரே நின்றார்கள். பெர்பெத்துவா மெதுவாக ஓர் அடி முன்னால் வைத்து, முனையை ஜெபக்கனியின் தொடைப் பக்கம் காட்டினார்.

ஜெபக்கனியின் கை கீழே போனது.

முனை வந்து அவள் தோளில் மெல்லத் தொட்டது.

“இன்னொரு தடவை,” என்றார் பெர்பெத்துவா. “இப்பவும் தொடைக்குத்தான் காட்டப் போறேன். சொல்லிட்டேன்.”

காட்டினார். கை போனது. தோளில் தொட்டது.

ஜெபக்கனி முகமூடியைக் கழற்றினாள். தன் கையைப் பார்த்தாள். பிறரிடமிருந்து இரவல் வாங்கி வந்ததைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

“நான் ஜாக்கெட்டே போடலையே மேடம்,” என்றாள்.

பெர்பெத்துவா ராஜதுரையின் பக்கம் திரும்பினார்.

“மாஸ்டர், நீங்க வாங்க,” என்று கூப்பிட்டார்.

“எனக்கு எதுக்கு மேடம் இந்த வயசுல?”

மாணவர்கள் சிரித்தார்கள். “போங்க மாஸ்டர், பயந்துட்டீங்களா?” என்றான் ஒருவன். ராஜதுரை போகத்தான் வேண்டியிருந்தது. வாளை வாங்கி, முகமூடியைப் போட்டு, நேராக நின்றார். நல்ல நிலை. எவரும் குறை சொல்ல முடியாது.

பெர்பெத்துவா தொடைப் பக்கம் காட்டினார். ராஜதுரையின் கை அசையவில்லை.

மறுபடி காட்டினார். இந்தத் தடவை முனை தொடைக்கு ஓர் அங்குலம்வரை போனது. கை அசையவில்லை.

மூன்றாவது முறை தொடையில் குத்தியே விட்டார்.

“என்ன மேடம் இது,” என்று ராஜதுரை தொடையைத் தேய்த்துக்கொண்டார். “அங்க குத்துனா வெள்ளை விளக்குதான? அதுக்குப் போய் நான் ஏன் கையை இறக்கணும்?”

“இறக்கக் கூடாதுன்னு உங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தா?”

“இதை யாராச்சும் சொல்லியா குடுப்பாங்க? எனக்கு அந்த நெனைப்பே வந்ததில்லையே. என் ஜாக்கெட்தான் இடுப்போட…”

அவர் அதோடு நிறுத்திக்கொண்டார். மாணவர்களும் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்கள்.

ஜெபக்கனிக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

“சொல்லி முடிங்க மாஸ்டர். என் ஜாக்கெட்தான் இடுப்போட நின்னுடும்னுதான சொல்ல வந்தீங்க? என் ஜாக்கெட் நின்னுச்சா? நான் இங்க ஆடுனப்ப எனக்கும் தார்ப்பாயைத்தான குடுத்தீங்க? அதைப் போட்டு ஆடிப் பழகி, இதுதான் ஆட்டம்னு நெனைச்சு, அதையே இந்தப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் குடுத்து வச்சிருக்கேன். அதுவும் பெருமையா! ஒரு முழம் கூடக் காப்பாத்துவாங்கன்னு பெருமையடிச்சேன் மேடம், உங்ககிட்ட!”

பெர்பெத்துவா வாளைப் பையில் போட்டார்.

“இதெல்லாம் நான் வேணும்னு செஞ்சதில்லம்மா,” என்றார் ராஜதுரை.

“வேணும்னு செஞ்சிருந்தா அன்னைக்கே சண்டை போட்டிருப்பேன்! தெரியாமத்தான போட்டுக்கிட்டு ஆடிட்டேன்!”

இசக்கி மூக்கை உறிஞ்சினாள்.

ராஜதுரை சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். பிறகு தாராளமாக ஒன்றைச் செய்கிறவரின் குரலில் சொன்னார்:

“சரி. போனது போகட்டும். பந்தயத்தை விட்டுத் தள்ளுங்க. எல்லாப் பிள்ளைகளுக்கும் அளவா ஜாக்கெட் எடுக்கச் சொல்லுதேன். சாயங்கால நேரமும் இன்னும் ஒரு மாசம் அவங்களுக்கே இருக்கட்டும். ஒரு மாசத்துல இசக்கி கையைச் சரி பண்ணிடுங்க. அப்புறமும் தோத்தா என்னைக் கேக்கக் கூடாது.”

ஜெபக்கனியின் முகம் மலர்ந்தது. “ரொம்ப…” என்று நன்றி சொல்ல வாயெடுத்தாள்.

“இரு,” என்றார் பெர்பெத்துவா. “ஒரு மாசம் போதாது மாஸ்டர்.”

“ஒரு சின்னப் பிள்ளை கையைத் தூக்கிப் பிடிக்க ஒரு மாசம் போதாதா? சரி, நீங்களே சொல்லுங்க. எவ்வளவு நாள்தான் வேணும்?”

பெர்பெத்துவா ஜெபக்கனியின் பக்கம் திரும்பினார்.

“நீ அந்தப் பெரிய ஜாக்கெட்டைப் போட்டு ஆடுறதை விட்டு எத்தனை வருஷம் ஆச்சு?”

“ஏழு வருஷம், மேடம்.”

பெர்பெத்துவா ராஜதுரையைப் பார்த்துச் சொன்னார்:

“எவ்வளவு நாள் ஆகும்னு எங்களுக்கே இன்னும் தெரியலை, மாஸ்டர்.”