ஒருவருக்கான பயணப்படி

கட்டடக் கருவிகள் வந்து படிப்பதற்கென்று முன்பு ஒரு கல்லூரி இருந்தது. வகுப்பில் புரியாததை மாலையில் கேட்டுக்கொள்ள அங்கே தனியாக ஓர் அறை. அதில் சொல்லித்தர ஆசிரியர்கள் கிடையாது. மூத்த மாணவர்களான தூக்குக்குண்டும் ரசமட்டமும்தான் இருந்தன. சுவர் நேராக நிற்கிறதா என்று நூலில் தொங்கிப் பார்ப்பது தூக்குக்குண்டு. தளம் சமமாக இருக்கிறதா என்று தன் குமிழியால் பார்ப்பது ரசமட்டம்.

அந்த அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. பதிலைச் சொல்லக் கூடாது. கேட்டுக் கேட்டு, வந்தவர் வாயிலிருந்தே வரவழைக்க வேண்டும்.

"அண்ணே, நான் வைக்கிற சாந்து ஒட்டவே மாட்டேங்குது" என்று ஒரு நாள் சாந்து பூசும் கரணை அழாத குறையாக வந்து நின்றது.

"காய்ஞ்ச செங்கல்லு தண்ணியைப் பார்த்தா என்ன செய்யும்?" என்றது ரசமட்டம்.

"குடிச்சிரும்."

"சாந்துல என்ன இருக்கு?"

"தண்ணி... அட! செங்கல்லை நனைக்காம விட்டுட்டேன்!" கரணை ஓடியே போய்விட்டது.

இந்த முறையைப் பற்றி இரண்டும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதின. கடற்கரை நகரத்தில் நடக்கும் கருவிகள் மாநாட்டில் வந்து வாசிக்கும்படி அழைப்பு வந்தது. அந்தக் கல்லூரியிலிருந்து அதுவரை ஒரு மாணவரும் அந்த மேடை ஏறியதில்லை. வருடா வருடம் போய்வருபவர் சம்மட்டி ஆசிரியர்தான். தூக்குக்குண்டு அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. பிறந்ததிலிருந்து மற்றவர் சுவரோரமாகவே தொங்கியாயிற்று; ஒரே ஒரு தடவை அந்த மேடையில் தன் குரல் கேட்க வேண்டும்.

கல்லூரியின் பயண நிதி சுருக்குப்பையம்மாவிடம் இருந்தது. அவர் வாயைப் பாதிதான் திறந்து பேசுவார்.

"ஒருத்தருக்குத்தான் பயணப்படி தர முடியும். யாருன்னு நீங்களே பேசி வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்கப்பா. நான் தலையிட மாட்டேன்."

"சொல்லலைன்னா?" என்றது ரசமட்டம்.

"வழக்கம்போலப் போகும்."

வெளியே வந்ததும் தூக்குக்குண்டு ஆடத் தொடங்கியது. ஏன் அவரே ஒரு பெயரைச் சொல்லவில்லை? இரண்டு பேரையும் மோதவிட்டால் பணம் வழக்கம்போலச் சம்மட்டி ஆசிரியருக்கே போகும் என்றா? அதைவிட, இவன் ஏன் அவ்வளவு சட்டென்று 'சொல்லலைன்னா' என்று கேட்டான்? முன்னமே அவரைத் தனியாகப் பார்த்துவிட்டானோ?

அறைக்குத் திரும்பியதும் ரசமட்டம் மெதுவாகக் கேட்டது: "உனக்குப் போகணும்னு ஆசை இருக்காடா?"

தூக்குக்குண்டின் மனதில் கணக்கு ஓடியது. பதில் தெரியாமல் கேள்வி கேட்பவன் இந்த அறையில் யார்? இவன் மனதில் ஏதோ ஒரு பதில் இருக்கிறது. அதைத்தான் என் வாயிலிருந்து வரவழைக்கப் பார்க்கிறான். 'எனக்கென்ன, நீயே போ' என்று நானே சொல்ல வேண்டும், அதுதானே?

"உனக்கு எப்படித் தோணுது?" என்று திருப்பிக் கேட்டது.

"நான் உன்னைத்தானே கேட்டேன்?"

"நான் போனா உனக்கு என்ன ஆகும்னு நினைக்கிற?"

"சரி, இதைச் சொல்லு. ரயில்ல எத்தனை விதமான பெட்டி இருக்கு?"

'என்னை எந்தப் பெட்டியில் ஏற்றி அனுப்பிவிட்டு நீ எதில் போகப் போகிறாய்?' என்று நினைத்துக்கொண்டது தூக்குக்குண்டு. "நான் என்ன கரணையா? எனக்கே பாடம் எடுக்கறியா?" என்றது.

"உங்கிட்ட ஒண்ணு கேக்க முடியுதாடா?" ரசமட்டம் மறுபக்கம் திரும்பிக்கொண்டது.

அவ்வளவுதான். வியாழக்கிழமை இரண்டும் மாணவர்களிடம் மட்டுமே பேசின. வெள்ளிக்கிழமை தனித்தனியாக அலுவலக வாசல்வரை போய், ஒன்றையொன்று பார்த்துவிட்டுத் திரும்பின. 'பார், எனக்குத் தெரியாமல் பெயர் கொடுக்க வந்திருக்கிறான்' என்று தூக்குக்குண்டு தனக்குள் சொல்லிக்கொண்டது. தானும் அதற்குத்தான் போனோம் என்பதை அது நினைத்துப் பார்க்கவில்லை.

திங்களன்று சம்மட்டி ஆசிரியர் மாநாட்டுக்குப் புறப்பட்டார். அவர் கட்டுரையின் தலைப்பு, 'ஓங்கி அடிப்பதன் அவசியம்'.

அன்று மாலை அறையில் வேறு யாரும் இல்லை.

"முன்பதிவில்லாத பெட்டியில போயிருந்தா, அந்த ஒரு பயணப்படியிலயே ரெண்டு பேரும் போயிருக்கலாம்" என்றது ரசமட்டம்.

தூக்குக்குண்டின் நூல் விறைத்தது. "இதை அன்னைக்கே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?"

"சொல்லக் கூடாதே. நீயே கண்டுபிடிப்பேன்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

அப்படியானால் தன் சந்தேகம் சரிதான். ரசமட்டத்திடம் ஒரு பதில் இருந்திருக்கிறது. அது இந்தப் பதிலாக இருக்கலாம் என்று மட்டும் தனக்கு ஏன் தோன்றவே இல்லை? தூக்குக்குண்டு நெடுநேரம் அதையே நினைத்துத் தொங்கியது.

"விடு. இனிமே எதுவும் மாறப் போறதில்ல" என்றது ரசமட்டம். "இப்பவாவது சொல்லு. உனக்குப் போகணும்னு ஆசை இருந்துச்சா, இல்லையா?"

ஆமாம் என்ற சொல் நாக்குவரை வந்துவிட்டது. அப்போதுதான் தூக்குக்குண்டு யோசித்தது: எல்லாம் முடிந்த பிறகு இதை எதற்குக் கேட்கிறான்?