கமர்கட் கச்சேரி

ஒரு காட்டில், ஆலமரத்தின் கீழே அணில் குடும்பம் ஒன்று பலசரக்குக் கடை நடத்திவந்தது. தாத்தா தொடங்கிய கடை. பெரியப்பா ராஜக்கனி அதைப் பெரிதாக்கியது. இப்போது கல்லாவில் உட்கார்வது சண்முகக்கனி.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. யார் எதை வாங்கினாலும், மேலே ஏதாவது கொஞ்சம் கொசுறாகக் கையில் வைத்துத்தான் அனுப்புவார்கள். பருப்பு வாங்கினால் கறிவேப்பிலை. வெல்லம் வாங்கினால் ஒரு துண்டு சுக்கு.

சண்முகக்கனிக்குப் பாட்டு என்றால் உயிர். கடைக்குப் பின்னால் இருந்த குகையைப் பெருக்கி மெழுகி, அங்கே மாலைநேரக் கச்சேரி வைத்தது. பாடுவது கரிச்சான் குருவி. அதன் குரல் மெல்லியது. உற்றுக் கேட்டால்தான் அதன் அழகு தெரியும்.

முதல் கச்சேரிக்கு இரண்டு முயல்கள் வந்தன. அவற்றில் ஒன்று தூங்கிவிட்டது.

மறுநாள் பெரியப்பா வந்தது. அது சிக்கனத்துக்குப் பேர்போன அணில்.

“எலே கனி, மழை வரப்போகுது. புளி மூட்டையெல்லாம் வெளியில கிடக்கு. உனக்கு எதுக்குடா குகை?”

“கச்சேரிக்குப் பெரியப்பா.”

“ரெண்டு முயலுக்கா? அதுகளை உன் வாலுக்கு அடியிலேயே உட்கார வைக்கலாமே.”

சண்முகக்கனி குகை வாசலை மறித்துக்கொண்டு நின்றது.

“மழைக்கு முன்னால ஒரு கச்சேரியாவது உருப்படியா நடக்கட்டும், பார்க்கிறேன். இல்லேன்னா குகைக்குள்ள புளியை அடுக்கிடுவேன்” என்றது பெரியப்பா.

சண்முகக்கனி யோசித்தது. கடைக்கார வீட்டுப் பிள்ளைக்கு என்ன தோன்றும்? கூட்டம் வேண்டுமென்றால் கொசுறு கொடுக்க வேண்டும். “கச்சேரி கேட்க வருபவர்களுக்கு ஆளுக்கு ஒரு கை வறுத்த கடலை” என்று காடு முழுக்கச் சொல்லி அனுப்பியது.

அன்று மாலை குகை நிரம்பி வழிந்தது. தீனிப்பண்டாரமான காட்டுப்பன்றி முன்வரிசையில் உட்கார்ந்தது. வாயாடிக் குரங்குகள் பாறை இடுக்கெல்லாம் தொற்றிக்கொண்டன. சண்முகக்கனிக்குத் தலைகால் புரியவில்லை. வாசலில் நின்று எல்லாருக்கும் கடலையை அள்ளி அள்ளிக் கொடுத்தது.

கரிச்சான் பாடத் தொடங்கியது.

மடக், மடக், மடக். குகை முழுவதும் கடலை உடைபடும் சத்தம். குகையல்லவா? ஒவ்வொரு சத்தமும் இரண்டாகத் திரும்பி வந்தது. கரிச்சான் குரலை உயர்த்தியது. இன்னும் உயர்த்தியது. கடைசியில் தொண்டை கட்டி, அலகை மூடிக்கொண்டது. அது நிறுத்தியதை யாரும் கவனிக்கவில்லை.

போகும்போது காட்டுப்பன்றி சொன்னது: “கச்சேரி பிரமாதம் அண்ணாச்சி. உப்புதான் கொஞ்சம் தூக்கலா இருந்திருக்கலாம்.”

பெரியப்பா குகைக்குள் எட்டிப் பார்த்தது. தரையெல்லாம் கடலைத் தோல்.

“கடலை தின்ன குகை எதுக்குடா? கடை வாசல்லயே தின்னுட்டுப் போகட்டும். நாளைக்குச் சாயங்காலம் மூட்டை அடுக்க அளவெடுக்க வர்றேன்.”

கரிச்சானோ சிறகை நீவிக்கொண்டு, “நானும் கிளம்புறேன் அண்ணாச்சி” என்றது. “அடுத்த மலையில ஒரு ஆமை இருக்காம். ஒண்ணே ஒண்ணுதான். ஆனா கேட்குமாம்.”

“நாளைக்கு ஒரு நாள் மட்டும் பாடிட்டுப் போ” என்று கெஞ்சியது சண்முகக்கனி.

“பாடுறேன். தின்கிறதுக்கு எதுவும் கொடுக்காதீங்க.”

“கொடுக்கலேன்னா ரெண்டு முயல்தானே வரும்?”

கரிச்சான் பறந்துபோய் ஆலமரக் கிளையில் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலை சண்முகக்கனி கல்லாவில் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தது. ஒரு தாய்க்குரங்கு வந்தது. அதன் இடுப்பில் இருந்த குட்டி வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, விடிஞ்சதிலிருந்து இதே பாட்டு. இதுக்கு வாயை அடைக்க ஏதாவது கொடுங்க.”

சண்முகக்கனி டப்பாவைத் திறந்து, தேங்காயும் வெல்லமும் சேர்த்துக் காய்ச்சிய ஒரு கமர்கட்டை எடுத்துக் கொடுத்தது. குட்டி அதை வாயில் போட்டது. கடித்துப் பார்த்தது. பல் இறங்கவில்லை. கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சப்பத் தொடங்கியது. பிறகு சத்தமே இல்லை.

தாய்க்குரங்கு போன பிறகும் சண்முகக்கனி வெகுநேரம் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தது.

மாலையில் வாசலில் கூடை நிறையக் கமர்கட்.

“கடலை இல்லையா?” என்றது பன்றி.

“இன்னிக்கு இது. கடிக்கக் கூடாது மாமா, உங்க பல்லுக்கு நான் பொறுப்பில்லை.”

அளவுக் கயிற்றோடு வந்த பெரியப்பாவின் கையிலும் சண்முகக்கனி ஒன்றை வைத்தது. சும்மா வருவதைப் பெரியப்பா என்றைக்கும் வேண்டாம் என்றதில்லை. வாயில் போட்டுக்கொண்டது. “இந்த மூலையில எத்தனை மூட்டை” என்று ஆரம்பித்தது. பாதியில் பல் ஒட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் உட்கார்ந்தது.

கரிச்சான் பாடியது.

கன்னங்கள் உப்பியிருந்தன. குகையில் வேறு சத்தமில்லை. அந்த மெல்லிய குரல் கூரையைத் தொட்டுவிட்டு, இரண்டாகத் திரும்பி வந்தது. ஒரு குரங்கு அண்ணாந்து பார்த்தது, இன்னொரு குருவி மேலே இருக்கிறதோ என்று. பன்றியின் காதுகள் மெதுவாக நிமிர்ந்தன. பெரியப்பாவின் கையிலிருந்த கயிறு நழுவி விழுந்தது. அது குனிந்து எடுக்கவில்லை.

கமர்கட் கரைந்துபோனது. பாட்டு முடியவில்லை. ஒரு குரங்கு ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. பன்றி திரும்பி முறைத்தது. குரங்கு வாயை மூடிக்கொண்டது.

முடிந்ததும் பெரியப்பா நாக்கால் பல்லைத் துழாவிச் சரிசெய்துகொண்டு சொன்னது:

“எலே கனி, புளிக்கு ஓலையால ஒரு பந்தல் போட்டுக்கலாம்டா. மூட்டை நனையாது.”

கரிச்சான் அடுத்த மலைக்குப் போகவில்லை. ஆமைக்குச் சொல்லி அனுப்பியது. ஆமை புறப்பட்டு வந்துகொண்டிருக்கிறது.

அடுத்த கச்சேரிக்கும் சண்முகக்கனி கூடையோடு வாசலில் நின்றது. முதல் ஆளாக வந்த காட்டுப்பன்றி கூடையைப் பார்த்தது. எச்சிலை விழுங்கியது. பிறகு தலையை ஆட்டியது.

“இப்ப வேண்டாம் அண்ணாச்சி. சப்பினா என் காதுக்குள்ள என் சத்தமே கேட்குது. போகும்போது ரெண்டா கொடுங்க.”

நீதி: பாட்டுக்குக் கூட்டம் சேர்ப்பவர், அந்தப் பாட்டு காதில் விழவும் வழி செய்ய வேண்டும்.